ஐ ஆம் எ ஹீரோ: தோட்டாவை எண்ணிய கதை எங்கே கணக்கை விட்டது?

ஜப்பானிய ஜாம்பி மங்காக்களில் (மங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ்) எதைப் படிக்கலாம் என்று கேட்டால் பலர் முதலில் சொல்கிற பெயர்களில் ஒன்று ‘ஐ ஆம் எ ஹீரோ’. கடைசித் தொகுதி வரை படித்து முடித்தவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள், முகம் சுருங்கும். “ஆரம்பம் அட்டகாசம், ஆனா...” என்று இழுப்பார். புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதில் குழப்பம் வருவது நியாயம்தான். ஒரே கதையை இவ்வளவு புகழவும் இவ்வளவு திட்டவும் எப்படி முடிகிறது, அதுவும் இரண்டையும் செய்வது ஒரே ஆட்களாக இருக்கும்போது?

“முடிவு சொதப்பல்” என்பது எல்லாரும் சொல்கிற பதில். அது பாதிதான் சரி. முடிவு வெறும் அறிகுறி, நோய் அதற்கு வெகு முன்பே பிடித்துவிட்டது. அது எங்கே, எப்படிப் பிடித்தது என்று பார்க்க, சர்வைவல் ஹாரர் என்ற வகை எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கதையின் முடிவு வரை பேசப் போகிறோம், அதனால் படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் படித்துவிட்டு வரலாம்.

## முதலில், சர்வைவல் ஹாரர் என்றால் என்ன?

இந்தச் சொல்லைப் பரவலாக்கியது மங்கா இல்லை, வீடியோ கேம். 1996இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ (ஜப்பானில் அதன் பெயர் ‘பயோஹசார்ட்’) தன்னைத்தானே சர்வைவல் ஹாரர் என்று அழைத்துக்கொண்டது. அந்த விளையாட்டில் ஜாம்பியைச் சுடலாம், ஆனால் தோட்டா குறைவு. ஆட்டத்தைச் சேமிக்கலாம், ஆனால் அதற்கு டைப்ரைட்டர் ரிப்பன் வேண்டும், ரிப்பனும் எண்ணித்தான் கிடைக்கும். பையில் சில பொருள்களுக்குத்தான் இடம். வராண்டாவில் நிற்கிற ஜாம்பியைச் சுடுவதா, ஒதுங்கி ஓடுவதா என்று யோசிக்கும்போது வருகிற பயம் ஜாம்பியின் முகத்தைப் பார்த்து வருவதில்லை. “இதைச் சுட்டால் அடுத்ததுக்கு என்ன செய்வேன்” என்ற கூட்டல் கழித்தலிலிருந்து வருகிறது.

சாதாரணப் பேய்க்கதையில் வாசகரின் கேள்வி, ‘அங்கே இருப்பது என்ன?’ சர்வைவல் ஹாரரில் கேள்வி, ‘என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?’ அதனால் இந்த வகைக் கதை எழுதுகிறவர் மூன்று கணக்குகளை வைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

1. பொருள் கணக்கு. தோட்டா, தண்ணீர், சாப்பாடு, பூட்டக்கூடிய கதவு, பெட்ரோல்.

2. விதிக் கணக்கு. எதிரியால் என்ன முடியும், என்ன முடியாது. ஓடுமா, கேட்குமா, கடித்தால் எத்தனை நேரத்தில் மாறுவோம்.

3. ஆள் கணக்கு. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே, யாரை யார் நம்பலாம்.

இந்த மூன்றும் வாசகர் மனத்தில் தெளிவாக இருக்கும்வரை ஒரு கதவு திறக்கிற சத்தமே போதும், பக்கத்தைத் திருப்பக் கை தயங்கும். இவற்றில் ஒன்று கலங்கினாலும் பயம் வெறும் காட்சியாகிவிடும். ‘ஐ ஆம் எ ஹீரோ’வில் மூன்றுமே கலங்கின, ஒன்றன்பின் ஒன்றாக.

## மங்காவில் ஒரு கூடுதல் சிக்கல்

சினிமாவுக்குச் சத்தம் இருக்கிறது, திடீரென்று பயமுறுத்தலாம். மங்காவுக்கு அது கிடையாது, நேரமும் படிக்கிறவர் கையில். நிதானமாகவும் படிக்கலாம், புரட்டிக்கொண்டும் போகலாம். வரைகிறவரின் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் பக்கம் திரும்பும் இடம்தான். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் எதையோ பார்த்து உறைகிறான், திருப்பினால் இரண்டு பக்கத்துக்கும் விரிந்து அந்த ‘எதோ’ நிற்கிறது.

‘ஐ ஆம் எ ஹீரோ’வை எழுதி வரைந்த கெங்கோ ஹனஸாவா இதில் கைதேர்ந்தவர். புகைப்படம்போலத் துல்லியமான தெருக்கள், மின்கம்பிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வராண்டாக்கள். அதற்குள் தூரத்தில் ஒரு சின்ன உருவம். அடுத்த கட்டத்தில் கொஞ்சம் பெரிதாக. அடுத்ததில் இன்னும் பெரிதாக, நடையில் ஏதோ கோணல். வசனமே இல்லாமல் பல கட்டங்கள் இப்படிப் போகும். இந்த உத்தி உயிரோடு இருக்க, சுற்றியுள்ள உலகம் சலிப்பூட்டுகிற அளவுக்குச் சாதாரணமாக இருக்க வேண்டும், அந்த விரிந்த படமும் அரிதாக வர வேண்டும். பின்பாதியில் பிரம்மாண்டமான படங்கள் அடுக்கடுக்காக வரும்போது பக்கத்தைத் திருப்புவதில் அந்தத் தயக்கம் இருப்பதில்லை, வரைந்த கை இன்னும் அதே கைதான் என்றாலும்.

## ஹிதேயோவும் அவன் துப்பாக்கியும்

கதாநாயகன் ஹிதேயோ சுசுகி, வயது 35. ஒரு காலத்தில் சொந்தத் தொடர் வரைந்து, அது ஓடாமல் நிறுத்தப்பட்டு, இப்போது இன்னொரு மங்கா கலைஞரிடம் உதவியாளன். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. யாஜிமா என்று ஒரு கற்பனைத் தோழனோடு பேசுகிறான். இரவில் தனியாகத் தூங்கப் பயம். காதலி தெட்சுகோ இருக்கிறாள், ஆனால் அவளுடைய பழைய காதலன் கொரோரி நகாதா வெற்றிபெற்ற மங்கா கலைஞன், அந்த ஒப்பீடு இவனை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஹிதேயோ என்ற பெயரை அவன் எழுதுகிற எழுத்துகளுக்கு ‘வீரன்’ என்றே பொருள். “வீரன்னு எழுதி ஹிதேயோன்னு படிக்கணும்” என்கிற மாதிரிதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான். தலைப்பின் கிண்டல் அங்கேதான் இருக்கிறது.

இவனிடம் ஒரு ஷாட்கன் இருக்கிறது. உரிமத்தோடு வாங்கிய, விளையாட்டுச் சுடுதலுக்கான இரட்டைக்குழல் துப்பாக்கி. இந்த ஒரு தேர்வுதான் முதல் பாதியைத் தூக்கி நிறுத்துகிறது. ஏன் என்று புரிய ஜப்பானின் துப்பாக்கிச் சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

அங்கே 1958இல் வந்த சட்டப்படி சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. ஷாட்கன் வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், சுடுதல் பயிற்சி, மருத்துவரிடமிருந்து மனநலச் சான்று, போலீஸ் நேர்காணல், அக்கம்பக்கத்தில் விசாரணை என்று வரிசையாக இருக்கிறது. துப்பாக்கியை ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டாவை வேறொரு பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் போலீஸ் சோதனை. ஷாட்கனைப் பத்து வருடம் ஒழுங்காக வைத்திருந்தவருக்குத்தான் பொதுவாக ரைஃபிள். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை தோட்டா வாங்கினோம், எத்தனை சுட்டோம் என்று உரிமம் வைத்திருப்பவர் கணக்குப் பராமரிக்க வேண்டும்.

அதாவது இந்த வகைக் கதைக்கு உயிரான பொருள் கணக்கை ஜப்பானியச் சட்டமே ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அமெரிக்க ஜாம்பி கதையில் ஒருவன் துப்பாக்கிக் கடைக்குள் புகுந்து மூட்டை மூட்டையாக அள்ளலாம். ஹிதேயோவால் முடியாது, நாட்டிலேயே அவ்வளவு துப்பாக்கி கிடையாது. அவன் துப்பாக்கியில் இரண்டு தோட்டாதான் நிற்கும், சுட்டபின் மடக்கித் திறந்து மறுபடி போட வேண்டும். இதைவிட வேடிக்கை, ஊர் எரிந்துகொண்டிருக்கும்போதும் சட்டத்தை மீறிவிடுவோமோ என்ற பயம் அவனை விடுவதில்லை. துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுப்பது குற்றம் என்று கவலைப்படுகிறான். சிரிப்பு வரும், கூடவே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் சமூகம் செத்துவிட்டது என்று நம்ப மறுக்கிற ஒரு மனத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

முதல் தொகுதியில் பெரும்பாலும் ஜாம்பியே வராது. வேலை, குடி, சண்டை, புலம்பல். பின்னணியில் மட்டும் சின்னச் சின்னதாக ஏதோ தப்பாக இருக்கும். தொகுதியின் முடிவில் தெட்சுகோவின் வீட்டுக் கதவிலுள்ள தபால் துளை வழியாக ஹிதேயோ உள்ளே எட்டிப் பார்க்கிறான். அந்தக் காட்சிக்காகவே மீதியை வாங்கியவர்கள் உண்டு. 58ஆவது ஷோகாகுகான் மங்கா விருதும் இந்தத் தொடருக்குக் கிடைத்தது, அது ஆச்சரியமில்லை.

## மால் வரை எல்லாம் சரி

இந்தக் கதையில் ஜாம்பிகளுக்கு மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர்: இஸட், கியூ, என். ஜப்பானிய இணையத்தில் முரட்டு ஆள்களைக் கேவலமாகச் சொல்ல டி, கியூ, என் என்று ஒரு வசை உண்டு, அதில் முதல் எழுத்தை மாற்றியதுபோன்ற பெயர். இவை செத்த பிணங்கள்போல வெறுமனே ஊர்வதில்லை. உயிரோடு இருந்தபோது செய்ததையும் சொன்னதையும் திரும்பத் திரும்பச் செய்கின்றன, முணுமுணுக்கின்றன. விளையாட்டு வீரனாக இருந்தவன் மாறிய பிறகும் தாண்டுகிறான், அதில்தான் ஆபத்து.

ஹிதேயோ டோக்கியோவிலிருந்து தப்பி ஃபூஜி மலைப் பக்கம் போகிறான். ஹிரோமி என்ற பள்ளி மாணவி சேர்கிறாள். அவளுக்கும் தொற்று, ஆனால் முழுதாக மாறவில்லை, பாதியில் நிற்கிறாள். பிறகு ஒரு அவுட்லெட் மால். கூரைமேல் உயிர்பிழைத்த கூட்டம், அவர்களுக்கென்று ஒரு தலைமை, கீழே இஸட்கியூஎன்கள். நோயாளிகளை விட்டுவிட்டு ஓடிவந்த குற்றவுணர்வோடு ஓதா என்ற நர்ஸ். ஒரே துப்பாக்கி, அதை யார் வைத்திருப்பது என்ற போட்டி, கீழே கடையில் சாப்பாடு, போய்வர ஒரு வழி.

பாருங்கள், மூன்று கணக்கும் இங்கே மேசைமேல் விரித்து வைத்ததுபோல் இருக்கிறது. இத்தனை தோட்டா, இவ்வளவு தூரம், இத்தனை பேர், இந்த ஜாம்பியால் மட்டும் கூரைக்குத் தாண்ட முடியும். என் கணிப்பில் இந்தத் தொடரின் உச்சம் இதுதான்.

## கணக்கு நழுவிய மூன்று இடங்கள்

மாலுக்குப் பிறகு கதை ஒரே நாளில் கெடவில்லை. நல்ல அத்தியாயங்கள் பின்னாலும் வருகின்றன, குறிப்பாக வீட்டை விட்டு வெளியே வராத ஒரு இளைஞனின் பார்வையில் தொடங்கும் பகுதி. ஆனால் வரிசையாக இவை நடந்தன.

1. விதி விரிந்துகொண்டே போனது, மூடவே இல்லை. முதலில் கடித்தால் மாறுவார்கள் என்பது விதி. அப்புறம் ஹிரோமிபோலப் பாதி மாறியவர்கள். அப்புறம் குருசு என்ற பெயரோடு, தொற்றியும் சுயபுத்தி இழக்காத விசித்திர மனிதர்கள். அப்புறம் இஸட்கியூஎன்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சேர்ந்து, பல உடல்கள் பிணைந்த ராட்சத உருவங்கள். அப்புறம் அதற்குள் மனங்களும் ஒன்றாகக் கலந்து பேசிக்கொள்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுவாரஸ்யமான யோசனை, நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் எதிரியால் எதுவும் செய்ய முடியும் என்றால் வாசகர் கணக்குப் போடுவதையே நிறுத்திவிடுவார்.

2. அதனாலேயே பொருள் கணக்கும் பயனற்றுப் போனது. கட்டடம் அளவுக்கு ஓர் உருவம் எழுந்து நிற்கும்போது ஹிதேயோவிடம் ஏழு தோட்டா இருந்தால் என்ன, எழுபது இருந்தால் என்ன? துப்பாக்கிச் சட்டத்திலிருந்து பொறுமையாகக் கட்டிய பதற்றம் இங்கே ஓசையில்லாமல் கலைந்தது. பொதுவாக யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை, ராட்சத உருவத்தைப் பற்றித்தான் புகார் சொல்கிறார்கள். ஆனால் நடந்த இழப்பு இதுதான்.

3. ஆள் கணக்கு சிதறியது. கதை ஹிதேயோவை விட்டுக் குருசு கூட்டத்துக்குப் போகிறது, கொரோரி பக்கம் போகிறது, ஜப்பானையே விட்டு வெளிநாடுகளுக்குத் தாவி அங்கே புதிய ஆள்களை அறிமுகப்படுத்துகிறது. அந்த வெளிநாட்டு அத்தியாயங்கள் தனிச் சிறுகதைகளாக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இவை மூலக்கதையில் எங்கோ வந்து சேரும் என்று நம்பித்தான் வாசகர் காத்திருக்கிறார். இதில் விடை சொல்லாத புதிர்களின் கடனும் சேர்கிறது. இந்தத் தொற்று எங்கிருந்து வந்தது, இதற்கு ஒரு நோக்கம் உண்டா, ஹிரோமி ஏன் பாதியில் நின்றாள் என்ற கேள்விகளை ஆசிரியரேதான் கேட்கவைத்தார்.

## முடிவில் என்ன நடக்கிறது, அதற்கு என்ன வாதம்

கடைசியில் தப்பிக்கக்கூடியவர்கள் தப்பிக்கிறார்கள், ஹிதேயோ பின்தங்குகிறான். ஆளில்லாத டோக்கியோவில் அவன் ஒருவன் மட்டும், பனி கொட்டுகிற தெருக்களில், வேட்டையாடிச் சாப்பிட்டு நாளை ஓட்டுகிறான். தொற்றின் காரணம் சொல்லப்படுவதில்லை. ராட்சத உருவத்தின் நோக்கம் விளங்குவதில்லை. வெளிநாட்டுக் கதைகள் அந்தரத்தில் நிற்கின்றன. அவ்வளவுதான், 22ஆவது தொகுதி முடிந்தது.

இதை ஆதரிப்பவர்களும் உண்டு, அவர்கள் வாதம் வலுவானதுதான். இரவில் தனியாகத் தூங்கப் பயந்தவன், யாரும் இல்லாத ஊரில் தனியாக வாழப் பழகிவிட்டான் என்பதே முழு வட்டம் என்கிறார்கள். வீரன் என்று பெயர் வைத்தவனைப் பார்த்து வீரன் என்று சொல்ல ஒரு மனிதர்கூட மிச்சமில்லை, தலைப்பு அங்கேதான் முழுமையடைகிறது என்கிறார்கள். ஹனஸாவா முன்பு வரைந்த ‘பாய்ஸ் ஆன் தி ரன்’ படித்தவர்களுக்கு இந்தக் கசப்பு புதிதில்லை. தோற்றுப்போகிற ஆண்களை அவர்களுக்குச் சலுகை கொடுக்காமல் வரைவதுதான் அவர் பாணி.

ஹிதேயோ என்ற மனிதனின் கதையாக எடுத்துக்கொண்டால் எனக்கும் இந்த முடிவில் பெரிய குறை தெரியவில்லை. தனிமையில் முடிந்ததும் சரி, விடை சொல்லாமல் விட்டதும்கூட ஓரளவு சரி. சிக்கல் என்னவென்றால், ஏறத்தாழ பத்துத் தொகுதிகளாகக் கதை வேறு ஒன்றைப் பற்றியது என்று நம்மை நம்பவைத்திருந்தது. ஒரு மனிதனின் கோழைத்தனத்தைப் பற்றிய கதையாகத் தொடங்கியது, மனித இனத்தின் அடுத்த வடிவம் பற்றிய கதையாக ஊதிப்பெருத்தது, கடைசி நேரத்தில் “இல்லை, இது அந்த மனிதனைப் பற்றித்தான்” என்று திரும்பியது. இடையில் கொடுத்த காசுக்கு ரசீது கேட்கிறார்கள் வாசகர்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

## வாராந்தர இதழ் என்ற இயந்திரம்

இது ஹனஸாவாவின் தனிப்பட்ட தோல்வி மட்டும் என்று நினைத்தால் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுவிடும். மங்கா எப்படி விற்கப்படுகிறது என்பதும் கதையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தத் தொடர் வந்தது ஷோகாகுகான் வெளியிடும் ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ வார இதழில். இதழில் வரும்போது ஆசிரியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று சன்மானம். அதிலிருந்து உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பொதுவாக மங்கா கலைஞரின் பொறுப்பு. புகைப்படம்போலப் பின்னணி வரைய ஆள்பலம் வேண்டும், ஆகவே செலவும் அதிகம். உண்மையான வருமானம் அத்தியாயங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும்போது ராயல்டியாக வருகிறது. வாசகர் கருத்துக்கணிப்பும் புத்தக விற்பனையும் சரிந்தால் தொடரை நிறுத்திவிடுவார்கள். ஹிதேயோவின் தொடருக்குக் கதைக்குள் நடந்ததே அதுதான்.

இந்த அமைப்பு சர்வைவல் ஹாரருக்கு இரண்டு வகையில் பகை.

1. ஆரம்பத்துக்குத்தான் பரிசு. ஒரு கதை பிழைக்குமா என்பது தொடக்க மாதங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் பூட்டிய அறை, விளங்காத விதி, முதல் சாவு என்று எல்லா சரக்கும் முன்னால் அடுக்கப்படுகிறது. முதல் தொகுதி முழுக்க நிதானமாக நடக்கும் துணிச்சல் ஹனஸாவாவுக்கு வந்ததற்கு, அவர் ஏற்கனவே அதே இதழில் பெயர் வாங்கியவர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2. வெற்றி பெற்றால் நீட்ட வேண்டும். இந்த வகைக் கதையோ இயல்பிலேயே குறைந்துகொண்டே போவது. தோட்டா தீரும், ஆள் சாவார்கள், உணவு முடியும், கதையும் முடியும். வெற்றித் தொடரோ வளர்ந்துகொண்டே போக வேண்டும். தேய வேண்டிய கதையை வளர்க்க ஒரே வழி எதிரியைப் பெரிதாக்குவதும் உலகத்தை விரிப்பதும்தான். இந்தத் தொடருக்கு ஒசாகா, இபாராகி, நாகசாகி என்று ஊர்வாரியாகக் கிளைக் கதைகளும் வந்தன, சந்தை அதன் வேலையைச் செய்தது.

## மற்ற கதைகளில் இதே நோய்

மினேதாரோ மோச்சிசுகியின் ‘டிராகன் ஹெட்’ 1994இல் ‘யங் மேகஸின்’ இதழில் தொடங்கியது, மொத்தம் 10 தொகுதிகள். பள்ளிச் சுற்றுலா முடிந்து திரும்பும் புல்லட் ரயில் சுரங்கப்பாதைக்குள் விபத்தில் சிக்குகிறது. உள்ளே மூன்று மாணவர்கள் மட்டும் உயிரோடு. இருட்டு, கொஞ்சம் சாப்பாடு, டார்ச் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி. அந்தச் சுரங்கப் பகுதியைவிடத் திணறடிக்கிற மங்கா மிகக் குறைவு. சரியாக அந்தக் காலத்தில் 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல். பேரழிவுக்குக் காரணம் என்ன என்ற கேள்வி ஜப்பானிய வாசகருக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் கதை எரிமலைச் சாம்பல் மூடிய நாட்டில் அலைகிறது, பயம் என்ற உணர்வையே ஆராயப் போகிறது, விடையை அரைகுறையாக விட்டு முடிகிறது. வெளிச்சம் வந்தபிறகு பேட்டரியை யார் எண்ணப் போகிறார்கள்?

‘தி ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட்’ நம்மில் அதிகம் பேர் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், வழியாக அறிந்தது. காயு ஷிராய் எழுத, போஸ்கா தெமிசு வரைந்த இது 2016 முதல் 2020 வரை ‘ஷோனென் ஜம்ப்’ இதழில் 181 அத்தியாயங்கள் வந்தது. அநாதை இல்லம் என்று நினைத்தது அரக்கர்களுக்கு இறைச்சி வளர்க்கும் பண்ணை என்று குழந்தைகளுக்குத் தெரிகிறது. காதில் பொருத்திய கருவி, சுவரின் உயரம், மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரைக் கூட்டிப்போக முடியும், அம்மா என்று அழைக்கப்படும் காவலாளி எப்போது எங்கே இருப்பாள் என்று முழுக்க முழுக்கக் கணக்கால் ஆன கதை அது. 37ஆவது அத்தியாயத்தில் தப்பிக்கிறார்கள். அப்புறம் இன்னும் 144 அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆயிரம் வருட ஒப்பந்தம், அரச வம்சம், போர் என்று உலகம் விரிகிறது. முக்கியமான பிள்ளைகள் யாரும் சாக மாட்டார்கள் என்று எப்போது புரிந்துவிடுகிறதோ அப்போதே பயம் போய்விடுகிறது. 2021இல் வந்த அனிமேயின் இரண்டாம் பருவம் இதைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு. அதில் பின்பாதியின் சிறந்த பகுதியான கோல்டி பாண்ட் என்ற இடத்தில் நடக்கும் வேட்டையையே தூக்கிவிட்டு, மீதியை 11 எபிசோடில் அமுக்கி, கடைசியில் அசையாத படங்களை வரிசையாக ஓடவிட்டு முடித்தார்கள். நீட்டியதும் தவறு, வெட்டியதும் தவறு என்ற விநோத நிலை.

அப்படியானால் யாராலும் முடியாதா? கசுவோ உமேசு 1972 முதல் 1974 வரை ‘ஷோனென் சண்டே’யில் வரைந்த ‘தி டிரிஃப்டிங் கிளாஸ்ரூம்’ இருக்கிறதே. ஒரு தொடக்கப் பள்ளி அப்படியே 862 பேரோடு பாழடைந்த எதிர்காலத்துக்குப் போய்விடுகிறது. அந்த எண் குறைந்துகொண்டே வருவதுதான் கதை. ராட்சதப் பூச்சி வருகிறது, பிளேக் வருகிறது, எதிர்கால உயிரினங்கள் வருகின்றன, உலகமும் விரிகிறதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘இப்போது எத்தனை பேர், என்ன சாப்பாடு, யார் தலைவன்’ என்பதற்கே கதை திரும்பி வருகிறது. காலத்தின் மறுபக்கத்தில் இருக்கிற தாய் தன் மகனுக்காக ஒரு ஹோட்டல் அறைச் சுவருக்குள் கத்தியை ஒளித்து வைக்கிறாள், அது பல காலம் கழித்து அவன் கைக்குக் கிடைக்கிறது. அறிவியல்படி பார்த்தால் அபத்தம். ஆனால் ஒரு கத்தி வந்தது, கணக்கில் சேர்ந்தது. முடிவில் பிள்ளைகள் வீடு திரும்புவதில்லை, ஒரு சின்னக் குழந்தையை மட்டும் திருப்பி அனுப்ப முடிகிறது. ‘ஐ ஆம் எ ஹீரோ’வின் முடிவைவிட இது ஒன்றும் இனிப்பான முடிவில்லை, ஆனாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றுவதில்லை.

## படம் ஏன் திருப்தி தருகிறது

ஷின்சுகே சாதோ இயக்கி 2016இல் ஜப்பான் திரையரங்குகளுக்கு வந்த ‘ஐ ஆம் எ ஹீரோ’ படத்தைப் பார்த்தவர்கள் மங்காவை முடித்தவர்கள்போலப் புலம்புவதில்லை. படம் கதையை மாலோடு நிறுத்திவிடுகிறது. குருசு இல்லை, ராட்சத உருவம் இல்லை, வெளிநாடு இல்லை. யோ ஒய்சுமி நடித்த ஹிதேயோ ஒரு இரும்பு லாக்கருக்குள் ஒளிந்து நடுங்குகிறான், வெளியே வந்தால் எப்படியெல்லாம் சாவோம் என்று திரும்பத் திரும்பக் கற்பனை செய்கிறான், கடைசியில் கதவைத் திறக்கிறான். அதன் பிறகு துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் ஒரு தோட்டா குறைவது நமக்குத் தெரிகிறது.

தொற்றின் காரணத்தை இந்தப் படமும் சொல்லவில்லை, யாருக்கும் அது குறையாகப் படவில்லை. தோட்டாவெல்லாம் தீர்ந்தபின் மூன்று பேர் காரில் கிளம்புகிறார்கள். பெயர் என்ன என்று நர்ஸ் கேட்கிறாள். படம் முழுக்க வீரன் என்று எழுதி ஹிதேயோ என்று படிக்க வேண்டும் என்று சொல்லிவந்தவன், இந்தத் தடவை அந்த எழுத்துப் பெருமையை விட்டுவிட்டு, “ஹிதேயோ, வெறும் ஹிதேயோ” என்கிறான்.